பாய்ஸ் ஸ்டேட் பார்த்தவர்கள் வரவும்: கொள்கையே இல்லாத கட்சிக்கு ஒரே நாளில் தொண்டர்கள் எப்படி?

#1 கடைசிபெஞ்ச்

ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்ட படம். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு, தூக்கம் வந்தால் தூங்கிவிடலாம் என்றுதான் போட்டேன். தூங்கவில்லை. 'பாய்ஸ் ஸ்டேட்', ஆவணப்படம், ஜெஸ்ஸி மாஸ் - அமண்டா மெக்பெயின் தம்பதி எடுத்தது. 2020 சண்டான்ஸ் திரைப்பட விழாவில் அமெரிக்க ஆவணப்படத்துக்கான முதல் பரிசு, அடுத்த வருடம் எம்மி விருது. ஆப்பிள் டிவியில் கிடைக்கிறது.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: டெக்ஸாஸில் கோடை விடுமுறையில், பள்ளிக் கடைசி வருடத்துக்குள் நுழையப்போகும் பையன்கள் ஆயிரம் பேருக்கு மேல் ஆஸ்டினுக்கு வருகிறார்கள். ஒரு வாரம். 'இந்தாங்கடா ஒரு மாநிலம், நடத்திக் காட்டுங்க' என்று விட்டுவிடுகிறார்கள். நடத்துவது அமெரிக்கன் லீஜியன் என்ற முன்னாள் படைவீரர் சங்கம். வந்து இறங்கியதும் பாதிப் பேர் ஃபெடரலிஸ்ட், பாதிப் பேர் நேஷனலிஸ்ட். யாருக்கும் தேர்வு கிடையாது, விழுந்த கட்சி விழுந்ததுதான். இரண்டு கட்சிக்கும் பெயர் மட்டும்தான் உண்டு. கொள்கையைப் பையன்களே கூடி எழுத வேண்டும், தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், வேட்பாளரை நிறுத்த வேண்டும். கவர்னர் (அங்கே நம் முதல்வர் மாதிரி) பதவிதான் உச்சம்.

2017 முகாமில் பையன்கள் டெக்ஸாஸ் தனிநாடாகப் பிரிய வேண்டும் என்று ஓட்டுப் போட்டுத் தீர்மானமே நிறைவேற்றிவிட்டார்கள். பத்திரிகையில் அதைப் படித்த இயக்குநர்கள் மறுவருடம், 2018இல், கேமராவோடு போய் நின்றிருக்கிறார்கள்.

என்னை உறுத்தியது இதுதான். முதல் நாள் 'நீ ஃபெடரலிஸ்ட்' என்று அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டியிருக்கிறார்கள். அடுத்த நாளே அந்தப் பெயருக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறான். எதிர்க்கட்சிக்காரனைப் பார்த்தால் முறைக்கிறான். இன்னும் கொள்கையே எழுதவில்லையே தம்பி, எதற்கு இந்தக் கோபம்? நாம் எல்லோரும் கொள்கையைப் பார்த்துக் கட்சியில் சேர்ந்தோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கட்சி முதலில் வருகிறது, கொள்கையைப் பிற்பாடு தைத்துக்கொள்கிறோம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. உங்களுக்கு?

#2 திண்ணைராஜா

படம் பார்க்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். :)

எங்கள் பள்ளியில் ரெட் ஹவுஸ், ப்ளூ ஹவுஸ் என்று பிரித்தார்கள். ஆறாம் வகுப்பில் என்னை ப்ளூவில் போட்டார்கள். ஸ்போர்ட்ஸ் டே அன்று ரெட் ஹவுஸ்காரன் ரிலேயில் பேட்டனைக் கீழே போட்டபோது நான் அடைந்த ஆனந்தத்தை இன்றுவரை திரும்ப அடைந்ததில்லை. அவன் என் பக்கத்து வீட்டுக்காரன். இதற்கு ஆஸ்டின் வரை போக வேண்டுமா? இரண்டு நிறம், ஒரு மைதானம் போதும்.

#3 கடைசிபெஞ்ச்

ராஜா, ஒரு வித்தியாசம் இருக்கிறது. ப்ளூ ஹவுஸுக்காக நீங்கள் பொய் சொல்ல வேண்டியிருந்ததில்லை.

படத்தில் ராபர்ட் என்று ஒரு பையன். நல்ல உயரம், சிரித்த முகம், வெஸ்ட்பாயின்ட் ராணுவக் கல்லூரிக் கனவு. நேஷனலிஸ்ட் சார்பில் கவர்னர் வேட்பாளராக நிற்க ஆசை. கூட்டத்தின் நாடியைப் பிடித்துப் பார்க்கிறான், பெரும்பாலும் பழமைவாதப் பையன்கள். மேடையேறிக் கருக்கலைப்பை எதிர்த்து முழங்குகிறான், கைதட்டல் பறக்கிறது. அப்புறம் தனியாக உட்கார்ந்து கேமராவிடம் சொல்கிறான், தன் சொந்தக் கருத்து அதற்கு நேர்மாறு, ஆனால் அதைச் சொல்லி இங்கே ஜெயிக்க முடியாது என்று. வயது 17! யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மூன்று நாளில் தானாகவே கண்டுபிடித்துவிட்டான்.

அவன் குரலில் குற்ற உணர்ச்சியும் இருக்கிறது, கொஞ்சம் பெருமையும் இருக்கிறது. அந்த இரண்டு நிமிடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.

#4 நிலா_கோவை

எனக்கு ராபர்ட்டைவிட பென் தான் மறக்கவில்லை. ஃபெடரலிஸ்ட் கட்சித் தலைவன். சின்ன வயதில் மூளைக்காய்ச்சல் வந்து இரண்டு காலையும் இழந்தவன். வீட்டில் முன்னாள் ஜனாதிபதி ரொனால்ட் ரீகன் பொம்மையைக் கையில் எடுத்துக் காட்டுவான் பாருங்கள், நம் பிள்ளைகள் வீட்டில் ஸ்பைடர்மேன் இருக்கும் இடத்தில் அவனுக்கு ரீகன்! யாராக இருந்தாலும் சொந்த முயற்சியால் மேலே வந்துவிடலாம் என்று நம்புகிறவன். ஜெயிக்க என்ன வேண்டுமோ அதைச் செய்கிறவன்.

அந்தப் பக்கம் ஸ்டீவன். அம்மா மெக்சிகோவிலிருந்து வந்தவர், ஒரு காலத்தில் ஆவணம் இல்லாமல் இருந்தவர். பையன் மெதுவாகப் பேசுவான். மேடையில் முழங்காமல் சாப்பாட்டு வரிசையிலும் வராண்டாவிலும் ஒவ்வொருவனாகப் போய் 'உனக்கு என்ன வேண்டும்?' என்று கேட்கிறான். வேட்பாளர் பட்டியலில் இடம்பிடிக்கத் தேவையான கையெழுத்து போதாமல் கடைசி நேரத்தில் அலைவான். அந்தக் காட்சியில் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. பிறகு உட்கட்சித் தேர்தலில் ராபர்ட்டையே தோற்கடிக்கிறான்.

துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்டு ஹூஸ்டனில் நடந்த பேரணியை நடத்தியவர்களில் ஸ்டீவனும் ஒருவன். பென் குழு அதைத் தோண்டி எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டுவிடுகிறது. அவ்வளவுதான். துப்பாக்கி என்றால் உயிரைவிடும் ஆயிரம் பையன்கள் நடுவில் அது போதும்.

கடைசியில் கவர்னர் ஆவது ஃபெடரலிஸ்ட் வேட்பாளர் எடி. வாய்ச்சவடால் நன்றாக வரும். (கதையை உடைத்துவிட்டேன், மன்னிக்கவும். 2018இல் நடந்த தேர்தலுக்கு ஸ்பாய்லர் கிடையாது என்று நினைக்கிறேன்.)

#5 ஹூஸ்டன்_மாமா

நான் இருபது வருடமாக ஹூஸ்டன் பக்கம். படத்துக்கு வெளியே இருக்கும் ஒரு விஷயம் சொல்கிறேன். 2018 மே மாதம் இங்கே சாண்டா ஃபே என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளியில் ஒரு மாணவன் சுட்டு 10 பேர் இறந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து காரில் போகும் தூரம். அடுத்த மாதம்தான் அந்த முகாம். துப்பாக்கி பற்றிப் பேசும்போது அந்தப் பையன்கள் பாடப்புத்தக விவாதம் பேசவில்லை. பிப்ரவரியில் ஃப்ளோரிடாவில் பார்க்லேண்ட் பள்ளித் துப்பாக்கிச் சூடு, மார்ச்சில் நாடு முழுக்கப் பேரணி, மே மாதம் சாண்டா ஃபே. அந்த வருடம் இங்கே பள்ளிக்குப் போன எந்தப் பிள்ளையும் அதிலிருந்து தள்ளி நிற்கவில்லை.

இன்னொன்று. என் மூத்தவன் சில வருடம் கழித்து அதே முகாமுக்குப் போய்வந்தான். லீஜியனின் உள்ளூர்க் கிளையில் வயதான படைவீரர்கள் மூன்று பேர் உட்கார்ந்து நேர்காணல் செய்தார்கள். ஒருவர் வியட்நாமில் இருந்தவர். 'செய்தி எதில் படிக்கிறாய்?' என்று கேட்டாராம். இவன் உண்மையைச் சொன்னான், ஃபோனில் என்று. செலவை அவர்களே ஏற்றார்கள்.

திரும்பி வந்தபோது அவன் சொன்ன கதைக்கும் படத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அங்கே நகரம், மாவட்டம், மாநிலம் என்று அடுக்கடுக்காகப் பதவிகள். பெரும்பாலான பையன்கள் கவர்னர் தேர்தலைக் கூட்டத்தில் நின்று கைதட்டிப் பார்த்ததோடு சரி. இவன் நகர நீதிபதிக்கு நின்று தோற்றான். மற்ற நேரமெல்லாம் வரிசை. சாப்பாட்டுக்கு வரிசை, பஸ்ஸுக்கு வரிசை, வெயிலில் அணிவகுப்பு. அப்புறம் ராத்திரி தூங்காமல் வாதாடியது. படம் ஆயிரம் பேரில் நான்கு பேரைப் பிடித்துக்கொண்டது. நல்ல படம்தான், மறுக்கவில்லை. முகாம் என்றாலே ஆயிரம் குட்டி நரிகள் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

#6 மழைக்காகம்

பின்கதையும் சேர்த்துப் பேசினால் நன்றாக இருக்கும். இந்த பாய்ஸ் ஸ்டேட் முகாம் 1935இல் இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் தொடங்கியது. அப்போது அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் கட்சி சிறுவர்களுக்காக 'யங் பயனியர்' முகாம்கள் நடத்தியது. அதற்குப் பதிலடியாக லீஜியன்காரர்கள் யோசித்தது, மாதிரி அரசு நடத்திப் பார்க்கும் இந்த முகாமை. 'ஜனநாயகத்தைச் செய்துபார்த்துக் கற்றல்' என்று அழகாகச் சொன்னாலும், பிறந்ததே ஒரு எதிரியை மனதில் வைத்துத்தான்.

பில் கிளிண்டன் கென்னடியுடன் கைகுலுக்கும் புகைப்படத்தைப் பலர் பாய்ஸ் ஸ்டேட் முகாமில் எடுத்தது என்கிறார்கள். அது அடுத்த படி. ஒவ்வொரு மாநில முகாமிலிருந்தும் இருவரை வாஷிங்டனுக்கு அனுப்புவார்கள், அதற்குப் பெயர் பாய்ஸ் நேஷன். 1963 ஜூலையில் 16 வயதுக் கிளிண்டன் ஆர்கன்சா சார்பில் போய் வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் கை நீட்டினார். முப்பது வருடத்தில் அதே வீட்டுக்குக் குடிவந்தார். பின்னாளில் துணை ஜனாதிபதியான டிக் செனியும் பாய்ஸ் ஸ்டேட் பையன்தான். செனட்டரான கோரி புக்கரும்.

கடைசிபெஞ்ச் கேட்ட கேள்விக்கு என் பதில்: படத்தின் தொடக்கத்திலேயே ஜார்ஜ் வாஷிங்டனின் விடைபெறும் உரையிலிருந்து ஒரு வரி வரும். தந்திரக்காரர்கள் மக்களின் அதிகாரத்தைப் பறிக்கக் கட்சிகள் கருவியாகிவிடும் என்ற பொருளில். 1796இல் எழுதியது. ஆகவே நீங்கள் ஞாயிற்றுக்கிழமை கண்டுபிடித்தது கொஞ்சம் பழையது. :)

#7 திண்ணைராஜா

சரி, படம் பார்க்காதவன் இன்னொரு கேள்வி கேட்கிறேன். பையன்களை இப்படிச் சண்டைபோட விட்டுவிட்டுப் பெரியவர்கள் வேடிக்கை பார்ப்பது என்ன கல்வி? நம் ஊரில் இளைஞர் நாடாளுமன்றப் போட்டி என்று பள்ளிகளில் எவ்வளவு கண்ணியமாக நடக்கிறது.

#8 சுண்டெலி

ராஜா அண்ணே, கண்ணியம் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் அதில் எதிர்க்கட்சித் தலைவி. நாடாளுமன்ற விவகார அமைச்சகத்தின் அந்தத் திட்டம் அறுபதுகளிலிருந்தே இருக்கிறது. ஐம்பது பிள்ளைகள், சுமார் ஒரு மணி நேரம்: பதவிப் பிரமாணம், இரங்கல் தீர்மானம், கேள்வி நேரம், மசோதா, எல்லாம் வரிசையாக வரும்.

எங்கள் பள்ளியில் எல்லாமே ஸ்கிரிப்ட். குடிமையியல் மிஸ் நீலமையில் எழுதிக்கொடுத்த முப்பது பக்கத்தை இரண்டு மாதம் மனப்பாடம் செய்தோம். கேள்வி கேட்கிறவளுக்குப் பதில் தெரியும், பதில் சொல்கிற அமைச்சருக்குத் துணைக்கேள்வி தெரியும். என் கொண்டையை அவிழாமல் பார்த்துக்கொள்ள ஒரு தோழி. பருத்திப் புடவை அம்மாவுடையது, பதினாலு ஊக்கு.

வெளிநடப்பும் ஸ்கிரிப்டில்தான். நான் 'வெட்கம்! வெட்கம்!' என்று மூன்று முறை சொன்னதும் பன்னிரண்டு பேர் எழுந்து போக வேண்டும். போனோம். போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, வாட்சைப் பார்த்து, இரண்டு நிமிடம் கழித்து உள்ளே வந்தோம். அவையில் யாரும் எங்களைத் திரும்ப அழைக்கவில்லை. நாங்களும் ஏன் திரும்பினோம் என்று யாரும் கேட்கவில்லை. ஒத்திகையில் சபாநாயகர் குரல் வாக்கெடுப்புக்கு 'ஆதரிப்பவர்கள் ஆம் என்க' என்றதும் என் வரிசையில் இருந்தவன் பழக்க தோஷத்தில் 'ஆம்' என்று கத்திவிட்டான். மிஸ் ஸ்கேலோடு வந்து, 'நீ எதிர்க்கட்சிடா' என்றார்.

அதனால் இந்தப் படம் பார்த்தபோது எனக்கு வந்தது பொறாமை. அந்தப் பையன்கள் நிஜமாகத் தோற்கிறார்கள். எங்களுக்குத் தோற்கவே வாய்ப்பில்லை, மசோதா நிறைவேறும் என்று 28ஆம் பக்கத்தில் எழுதியிருந்தது.

#9 வல்லிபுரம்

இலங்கையிலும் பாடசாலைகளில் மாணவர் பாராளுமன்றம் இருக்கிறது. எங்களுக்கு வாக்குச்சீட்டு, வாக்குப்பெட்டி எல்லாம் வைத்து உண்மையாகவே தேர்தல் நடந்தது. பிறகு பிரதமர், சபாநாயகர், அமைச்சர்மார். நான் சுகாதார அமைச்சர். என்னுடைய ஒரே சாதனை, குழாயடியில் சவர்க்காரம் வைக்க வேண்டும் என்ற பிரேரணை. ஏகமனதாக நிறைவேறியது. சவர்க்காரம் வந்தது, மூன்றாம் நாள் காணாமல் போனது. கட்சி இல்லாத பாராளுமன்றம் என்பதால் யாரைக் குற்றம் சொல்வதென்று தெரியவில்லை.

#10 கடைசிபெஞ்ச்

சுண்டெலி, தண்ணீர்த் தொட்டி வெளிநடப்புக்கு நூறு லைக்.

ரெனேயை யாரும் சொல்லவில்லையே! நேஷனலிஸ்ட் கட்சித் தலைவன், சிகாகோவிலிருந்து டெக்ஸாஸ் வந்த கறுப்பினப் பையன். இத்தனை வெள்ளைக்காரர்களை ஒரே இடத்தில் பார்த்ததே இல்லை என்று சிரித்துக்கொண்டே சொல்வான். ஒரே ஒரு பேச்சில் கட்சியைக் கையில் எடுக்கிறான். அடுத்த நாளே சொந்தக் கட்சிக்காரர்களே அவனைப் பதவி நீக்கப் பார்க்கிறார்கள், நடைமுறை சரியில்லையாம். இன்ஸ்டாகிராமில் இனவெறிக் கேலிப்படங்கள் வேறு. பென்னைப் பற்றி அவன் சொல்வது படத்திலேயே கூர்மையான இடம்: அபாரமான அரசியல்வாதி, ஆனால் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிற மாதிரி.

#11 நிலா_கோவை

இழையை இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பலாமா? அதே இயக்குநர்கள் 'கேர்ள்ஸ் ஸ்டேட்' எடுத்தார்கள், 2024 ஏப்ரலில் வந்தது. முதல் படத்தின் பெண் பதிப்பு என்று நினைத்து உட்கார்ந்தால் ஏமாந்துபோவீர்கள். எனக்கு அதுதான் மேலான படம். இங்கே யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்று தெரியும்.

2022 ஜூன், மிசூரி, செயின்ட் சார்லஸில் ஒரு பல்கலைக்கழக வளாகம். அந்த வருடம்தான் முதல்முறையாகப் பையன்கள் முகாமும் பெண்கள் முகாமும் ஒரே வளாகத்தில், ஒரே வாரத்தில். பக்கத்திலேயே இருந்ததால்தான் பிரச்சினை. இல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரிந்திருக்காது. பெண்களுக்கு உடைக் கட்டுப்பாடு, வெளியே போனால் தனியாகப் போகாதே, துணைக்கு ஒருத்தியோடு போ. ஜன்னல் வழியாகப் பார்த்தால் பையன்கள் சட்டையில்லாமல் விளையாடுகிறார்கள். அங்கே அரசியல் பேசுகிறார்கள், இங்கே பாட்டும் கைதட்டலும்.

நேரத்தையும் பாருங்கள். கருக்கலைப்பு உரிமை பற்றிய அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் வரைவு மே மாதம் கசிந்துவிட்டது. தீர்ப்பு வந்தது ஜூன் 24. கசிவுக்கும் தீர்ப்புக்கும் நடுவில்தான் முகாம். இந்தப் பெண்கள் தங்கள் மாதிரி உச்ச நீதிமன்றத்தில் கருக்கலைப்பு தொடர்பான வழக்கையே எடுத்து வாதாடுகிறார்கள். நிஷா என்று ஒரு இந்திய வம்சாவளிப் பெண் நீதிபதி பதவிக்கு முயல்கிறாள். அவள் எதிரியோடு தோழியாகிவிடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

எமிலி என்பவள் கவர்னருக்கு நின்று தோற்கிறாள். பழமைவாதக் குடும்பத்துப் பெண், ஒருநாள் ஜனாதிபதி ஆவேன் என்கிறவள். தோற்றதும் அழுதுகொண்டு உட்காரவில்லை. முகாம் செய்தித்தாளுக்கு ஒரு கட்டுரை எழுதக் கிளம்புகிறாள்: இரண்டு முகாமுக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? விசாரித்தால் பையன்கள் பக்கம் செலவு சுமார் 6 லட்சம் டாலர், பெண்கள் பக்கம் சுமார் 2 லட்சம். கவர்னராகியிருந்தால் அவள் அந்தக் கணக்கைக் கேட்டிருப்பாளா?

#12 திண்ணைராஜா

நிலா, கணக்கு நியாயம். ஆனால் இரண்டையும் நடத்துவது ஒரே சங்கமா? பையன்களை நடத்துவது லீஜியன், பெண்களை நடத்துவது லீஜியன் ஆக்ஸிலரி என்று இப்போதுதான் தேடிப் பார்த்தேன். தனித்தனி அமைப்பு, தனித்தனி நன்கொடை. ஒருவன் வீட்டில் பாயசம் வைத்தால் அடுத்த வீட்டுக்காரன் கோபித்துக்கொள்ள முடியுமா?

#13 நிலா_கோவை

அண்ணே, அந்தப் பதிலைத்தான் எமிலிக்கும் சொல்கிறார்கள். தவறான பதில் இல்லை. ஆனால் ஏன் ஒரு பக்கம் மட்டும் நன்கொடை குவிகிறது என்பதுதானே அவள் கேள்வி. இரண்டு வீட்டுக்கும் சொந்தக்காரர்கள் ஒரே ஊர்க்காரர்கள். முதலில் படத்தைப் பாருங்கள், அப்புறம் பாயசம் பேசலாம்.

#14 மழைக்காகம்

இரண்டு படத்தையும் சேர்த்து வைத்தால் கடைசிபெஞ்சின் வாதத்தில் ஓட்டை தெரிகிறது. பெண்கள் முகாமிலும் அதேபோலக் கட்சி பிரித்தார்கள், ஆனால் அந்தக் கட்சிவெறி வரவே இல்லை. போட்டி இருந்தது, கண்ணீர் இருந்தது. ஆகவே கட்சி முதலில், கொள்கை பிறகு என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஆயிரம் பேர் ஒரே அரங்கில் கத்தும்போது வருகிற போதை அது. பெண்களை அப்படிக் கத்தவிடவில்லை என்பதும் உண்மை, அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

#15 கடைசிபெஞ்ச்

ஒப்புக்கொள்கிறேன், பாதி. கேமரா இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். நாலு நாளாகப் பின்னாலேயே மைக் பிடித்து ஒருவர் வந்தால் நானும் தலைவன் மாதிரிதான் நடப்பேன். ஆனால் ராபர்ட் மேடையில் சொன்ன பொய்யைக் கேமரா சொல்லவைக்கவில்லை. கேமராவிடம்தான் உண்மையைச் சொன்னான்.

@ஹூஸ்டன்_மாமா, ஒரு கேள்வி விட்டுப்போனது. உங்கள் பையன் எந்தக் கட்சி? நகர நீதிபதிக்கு எத்தனை ஓட்டில் தோற்றான்?

#16 திண்ணைராஜா

நாற்பது நிமிடம் பார்த்துவிட்டேன். ரீகன் பொம்மை இடத்தில் நிறுத்தி என் பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் 'இந்தத் தாத்தா எந்த சூப்பர் ஹீரோ?' என்றான். மிச்சத்தை நாளை பார்க்கிறேன். ஸ்டீவன் தோற்பான் என்று நிலா முன்னாலேயே சொல்லிவிட்டதால் அவன் வரும் இடமெல்லாம் வயிற்றைப் பிசைகிறது. ஸ்பாய்லர் கிடையாது என்று யார் சொன்னது?

#17 ஹூஸ்டன்_மாமா

ஏழு ஓட்டில் தோற்றானாம். அதில் மூன்று பேர் அவன் அறைத்தோழர்கள் என்பது அவனுக்கு இன்னும் ஆறவில்லை. கழுத்து அட்டையைக் கார்க் கண்ணாடியில் தொங்கவிட்டிருக்கிறான். நேஷனலிஸ்ட்.

உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி இன்னொன்றையும் கேட்டேன், கவர்னருக்கு யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று. தோசையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான், "ரகசிய வாக்கெடுப்புப்பா."